கடுகளவு

மண்ணைக் கிண்டிப் போனவர்கள்
பத்திரம் ஒன்று தந்தார்கள்.
இத்தனை சதுர மீற்றர், இத்தனை சென்ரிமீற்றர் ஆழம்,
இனி ஆபத்தில்லை என்று மூன்று மொழியில்.
காணி உறுதி இல்லாத வீட்டில்
அதைத்தான் உறுதிபோல் மடித்து வைத்திருக்கிறேன்.

போன பெரும்போகம்
முளைத்துப் பதினெட்டாம் நாள்
கச்சான் கன்றுகள் நின்றபடியே தலை தொங்கின.
தண்ணீர் போதாதாக்கும் என்று இறைத்தேன்.
இறைத்த இடமெல்லாம் இன்னும் கெதியாய் விழுந்தது.
பிடித்து இழுத்தால்
இழுத்த உணர்வே இல்லாமல் கையோடு வந்தது,
ஆடிக்கொண்டிருந்த பால்பல் மாதிரி.
கழுத்தில் வெள்ளைப் பஞ்சு.
பஞ்சுக்குள் பழுப்பாய்ச் சிறு மணிகள்.
இன்பராணி ஒன்றை நகத்தால் நசுக்கி
மணந்து பார்த்தாள்.
தாளிக்க உதவாத கடுகு.

போதனாசிரியை மிதுலா
மோட்டார் சைக்கிளை வாய்க்கால் கட்டில் விட்டு
நடந்து வந்தா. குந்தியிருந்து பார்த்தா.
"பங்கசு, அக்கா.
இந்த மணி மண்ணுக்குள்ள வருசக்கணக்கா நித்திரை கொள்ளும்.
ஈரம் பட்டால் எழும்பும்."
"மெசின் பிடிச்சுப் பாத்தவையெல்லோ,
அவையின்ர கண்ணுக்குப் படேல்லையோ?"
பகிடி என்றுதான் கேட்டேன்.
"அது இரும்புக்குத்தான் கத்தும்," என்றா,
துண்டில் மருந்தின் பெயரை எழுதியபடி.

இந்த ஐப்பசி.
முத்தையன்கட்டு இடதுகரை.
மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது,
ஆனால் இன்றைக்கு விழாது என்று எறும்புக்குத் தெரியும்.
நாலு பேர் இருந்து கச்சான் உடைத்தோம்.
தோல் கிழிந்தது ஒரு பக்கம், சுருங்கினது ஒரு பக்கம்.
மிச்சம் மூன்று வாளி.

பவுடர் மூன்று பைக்கற் வேண்டும்.
வாங்கினது இரண்டு.
மூன்றாவதின் காசு
செவ்வாய்க்கிழமை லோன் பெடியனின் பையில் ஏறி
மாங்குளம் பக்கம் போய்விட்டது.

கையுறை போட்டு, வாயைச் சீலையால் கட்டி,
மூடி இறுக்கிய வாளியை நிலத்தில் உருட்டினோம்.
மெதுவாய், மெதுவாய்.
கெதியாய் உருட்டினால் பருப்பின் தோல் உரியும்,
உரிந்த இடத்தால் அது உள்ளே போகும்.
திறந்தபோது
பருப்பெல்லாம் பூசிக்கொண்டு இளஞ்சிவப்பாய்க் கிடந்தது,
சாமத்தியவீட்டுப் பலகாரத் தட்டுப்போல.

கச்சான் போடுகிறவளின் வாய் சும்மா இராது.
சாலுக்கு ஒன்று.
கூலிக் கணக்கில் சேராத கூலி அது,
நானும் அடுத்தவள் காணியில் தின்றிருக்கிறேன்.
இரண்டாவது சாலில்
முகச்சீலை கழுத்துக்கு இறங்கிவிட்ட தவமலரின் கை
தன்பாட்டில் எழும்பி
உதடுவரை போயிற்று.

எல்லோரும் ஒன்றாய்க் கத்தினோம்.

அவள் உறைந்து நின்றாள், ஒரு கால் தூக்கியபடி.
கையைப் பார்க்கவில்லை.
காலடியைப் பார்த்தாள்.

அந்தச் சத்தத்தை நாங்கள் எல்லோரும் அறிவோம்.
ஒருகாலம் இந்தக் காட்டுப்பாதையில்
வைக்காதே, வைக்காதே என்று
கத்தின அதே தொண்டை.
பிறகு அவளே சிரித்தாள்,
"கச்சானுக்கோ இந்தக் கத்து!"
சவர்க்காரத் தண்ணி ஊற்றிக் கை கழுவினாள்.
மற்றவர்கள் சிரிக்கக் கொஞ்சநேரம் எடுத்தது.

போன வருசம் விழுந்த மூலைக்குச் சோளம்.
பூசாத மூன்றாவது வாளியை
எள்ளு நின்ற கிழக்கு ஓரத்தில் போட்டேன்.
அங்கே அது இல்லை என்று
எந்த மொழியிலும் ஒருவரும் எழுதித் தரவில்லை.
தடியொன்று நட்டு
பழைய சட்டைத்துண்டு கட்டினேன்.
சிவப்புத் துண்டு கையில் வந்தது,
வேண்டாமென்று நீலத்தை எடுத்தேன்.

பதினெட்டாம் நாள் விடிய
வரம்பால் இறங்கி
கைக்கெட்டிய கன்றொன்றை இழுத்துப் பார்த்தேன்.
வரவில்லை.
இன்னும் இழுத்தேன். இலை இரண்டு பிய்ந்தது.
நல்ல கன்றை ஏன் வதைக்கிறாய் என்று
என்னை நானே ஏசினேன்.

நீலத்துண்டு கட்டின பக்கம்
இன்னும் போகவில்லை.
இங்கிருந்து பார்க்கப் பச்சையாய்த்தான் தெரிகிறது,
பனி வேறு.
தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகலாம்.